எந்த இடம்

சோமனூர் ரோட்டில் இருபத்துநாலு தறிக் கொட்டகை.
பாவு அறுந்தால் தெரியும், ஊடை தீர்ந்தால் தெரியும்,
ஒன்பதாம் நம்பரில் ஒரு நட்டு இளகினால்
கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன்.
ஒவ்வொரு ஆணிக்கும் பேர் உண்டு அங்கே.

எனக்கு நோவு கண்ட இடத்துக்கு
என் வாயில் பேர் இல்லை.
வசவுக்கு இருக்கிறது.
வைத்தியத்துக்கு இல்லை.

முதலில் அரிப்பு. அப்புறம் சிவப்பு.
தோலுக்கடியில் தயிர்த் திப்பி போல வெள்ளை.
ஒன்றுக்குப் போனால் மிளகாய்.
சித்திரை வெயில், பன்னிரண்டு மணி நேரம், பஞ்சுத் தூசி,
நைலான் ஜட்டி, அதனால்தான் என்று
பொடக்காலியில் நின்று டெட்டால் ஊற்றினேன்.
தறியைவிடச் சத்தமாய்க் கத்தியிருப்பேன்,
பக்கத்தில் சரஸாள் துணி அலசாமல் இருந்திருந்தால்.

மெடிக்கல் நாச்சிமுத்து "எங்கீங்?" என்றான்.
"தொடைல படை."
தொடைக்கு ஒரு ட்யூப் கொடுத்தான்.
பொய்க்குத் தந்த மருந்து பொய்யைத்தானே ஆற்றும்.
பத்து நாள் பூசினேன், மேலே மல்லிகை வாசப் பவுடர்.
பதினோராம் நாள்
தோல் பின்னால் போக மாட்டேன் என்றது.

சூலூர் ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கி உட்கார்ந்தேன்.
கதவில் பெண் பெயர். எழுந்து வந்துவிட்டேன்.
எதிர்க்கடையில் டீ, சர்க்கரை தூக்கலாக, ரெண்டு கிளாஸ்.
ஓயாத தாகம் அந்த மாதம்,
ராத்திரி நாலு தரம் எழுந்திருப்பேன்.
இதையும் அதையும் சேர்த்து
முடிச்சுப் போடத் தெரியவில்லை,
முடிச்சுப் போட்டுப் பிழைக்கிறவனுக்கு.

மறுநாள் போனேன்.
"எந்த இடம்?"
"கீழங்."
"கீழன்னா?"
மின்விசிறியைப் பார்த்தேன். காலண்டரைப் பார்த்தேன்.
அந்தம்மா பேனாவை மூடவில்லை.
"முன்தோலா, மொட்டா?"

மொட்டு.
முல்லைக்குச் சொல்கிற அதே சொல்.
கூரை இடியவில்லை.
நர்ஸம்மா சீட்டில் நம்பர் போட்டுக்கொண்டிருந்தது.

திரைக்குப் பின்னால் அரை நிமிஷம். அவ்வளவுதான்.
"வெதுவெதுன்னு வெறும் தண்ணி போதுங்க.
சோப்பு வேண்டாம். டெட்டால் ஆகவே ஆகாது.
வலிக்காத அளவுக்குத் தோலை நீக்கிக் கழுவுங்க, இழுக்காதீங்க,
ஒத்தி ஒத்தி ஈரம் எடுங்க,
நீக்குனதை மறக்காம முன்னால கொண்டாந்து விட்ருங்க.
பின்னால மாட்டி வீங்கிக்கிச்சுன்னா
விடியட்டும்னு படுக்கக் கூடாது, அந்த ராத்திரியே வரணும்.
ஒண்ணுக்கு அடைச்சாலும் அப்படித்தான்.
காய்ச்சல், சீழ், புண்ணு எது வந்தாலும் தள்ளிப் போடாதீங்க.
இந்தக் களிம்பு ரெண்டு வேளை.
வாரத்துல அடங்கலீன்னா திரும்பி வாங்க.
பருத்தி ஜட்டி போடுங்க, தொளதொளன்னு.
திருப்பூர் எத்தனை தூரம் உங்களுக்கு?
ஆற மட்டும் வீட்டுக்காரம்மாகிட்டப் போகாதீங்க.
அவங்களுக்கும் அரிப்பு உண்டான்னு கேட்டீங்களா?"

கேட்கவில்லை.

விரல் நுனியில் ஒரு குத்து.
முந்நூற்றுப் பன்னிரண்டு.
"இது அங்க ஆரம்பிக்கலீங்க, இங்க" என்று
சொட்டின் மேல் பஞ்சை வைத்து அழுத்தினாள்.

சரஸாளிடம் சொன்னேன், அதே சொற்களில்,
புதுச் செருப்பில் நடப்பது போல.
கையிலிருந்த வாளியை வைத்தாள்.
"எனக்குந்தான், ரெண்டு வாரமா.
யார்கிட்டப் போய்ச் சொல்றது?"
வியாழக்கிழமை ரெண்டு சீட்டு வாங்கினோம்.
டீயில் சர்க்கரை நின்றது. மாத்திரை நிற்கவில்லை.
எரிச்சல் நாலாம் நாள் விட்டது.

பவுடர் டப்பா
கொட்டகைக் கேரம் போர்டுக்குப் போனது.
ஞாயிற்றுக்கிழமை ஸ்ட்ரைக்கர் வழுக்கி வழுக்கி ஓடியது.
"ஏனுங், ஏது இந்த மல்லிகை வாசம்?" என்றான் ராக்கியண்ணன்.
சொன்னேன். இடத்தோடு சொன்னேன்.
சிவப்புக் காய் குழியோரம் நின்றது.
ரெண்டு பேர் சிரித்தார்கள்.
ஒருத்தன் மட்டும்
போர்டிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டான்:

"அந்த டாக்டரம்மா
என்னிக்கு இருப்பாங்க?"